மும்பையின் ஏற்றத் தெருக்கள்

மும்பை என்றதும் கடலை நினைப்போரே பலர். குன்றை நினைப்போர் மிகச் சிலர். நகரத்தின் படத்தை விரித்து வைத்துப் பார்த்தாலும் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டும், அதன் நெடுகச் செல்லும் இருப்புப் பாதைகளும் தெரியுமேயன்றி, மேடும் பள்ளமும் கண்ணுக்குப் புலப்படா. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏழு தீவுகளாகச் சிதறிக் கிடந்த பம்பாயை ஒரே நிலமாக இணைத்த காலத்தில், சிறு குன்றுகள் பல வெட்டப்பட்டு, அந்த மண்ணும் கல்லும் பள்ளங்களை நிரப்பப் பயன்பட்டன. 1896-ஆம் ஆண்டில் நகரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் விளைவாக 1898-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட், தாதர், மாதுங்கா ஆகிய பகுதிகளை அகன்ற தெருக்களாக வகுத்தது. தமிழர் திரளாகக் குடியேறிய மாதுங்காவில், கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்து செல்பவருக்கு மூச்சு வாங்குவதில்லை. தாராவியோ உப்பங்கழியை ஒட்டிய சதுப்பின்மேல் எழுந்த ஊர். அங்கே ஏற்றம் என்பது வீட்டின் மேல்தளத்துக்குச் சார்த்திய இரும்பு ஏணி ஒன்றே. மழைநீர் வடிந்து ஓடுவதற்குப் போதிய சாய்வு இல்லை என்பதுதான் அங்குள்ளோர் முறையீடு.

ஆயினும் குன்றுகள் முற்றிலும் கரைந்துவிடவில்லை. தெற்கே மலபார் ஹில் இருக்கிறது. தாராவியின் கிழக்கெல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சயான் கோட்டை நிற்கும் கூம்பு வடிவக் குன்று இருக்கிறது. வடாலாவை அடுத்து ஆன்டாப் ஹில், பாந்திராவில் பாலி ஹில், வடகிழக்கே காட்கோபர், விக்ரோலி மேடுகள், எல்லாவற்றினும் உயர்ந்ததாய்ச் செம்பூருக்கு அப்பால் டிராம்பே மலை. மராத்தியர் இத்தகைய மேட்டை 'டேக்டி' என்பர். இந்த டேக்டிகளின்மேல் தெருக்கள் ஏறுகின்றன. அத்தெருக்களில் மக்கள் வாழ்கின்றனர். அவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் செங்குத்தான தெரு என்று எதனைச் சொல்லுகிறோம்? ஏறுபவனுக்கு மூச்சு முட்டினால் செங்குத்து என்பது நம் வழக்கு. பொறியியலாளர் அவ்வாறு விடுவதில்லை. கிடைமட்டமாக நூறு அடி செல்வதற்குள் தரை எத்தனை அடி உயர்கிறது என்று அளந்து, அதனைச் சதவீதமாகச் சொல்லுவர். இந்த அளவைக்குச் 'சரிவு வீதம்' என்றும் 'சாய்வு விகிதம்' என்றும் அரசாங்க அறிக்கைகளில் நாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதி வருகிறோம். ஆனால் நம் கொத்தனார்கள் இதற்கென ஒரு சொல்லை நெடுங்காலமாகவே வைத்திருக்கின்றனர். குளியலறைத் தரையைப் பூசும்போது, தண்ணீர் தேங்காமல் ஓடவேண்டுமானால், "வாட்டம் கொடு" என்கிறார் மேஸ்திரி. வாட்டம் என்ற அச்சொல்லில் அளவும் இருக்கிறது. நீர் எப்பக்கம் ஓடும் என்ற திசையும் இருக்கிறது. அறிக்கையில் அதனை எழுதினால் மேலதிகாரி அடித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

வாட்டத்துக்கு மிகவும் அஞ்சுவது புகைவண்டி. வழவழப்பான தண்டவாளத்தின்மேல் வழவழப்பான சக்கரம் ஓடுவதே அதற்குக் காரணம். மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டியில் பயணம் செய்த தமிழர் அனைவரும் போர்க் கணவாயை அறிவர். 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் முப்பத்தேழுக்கு ஒன்று. அதாவது நூற்றுக்கு மூன்றைக்கூட எட்டாது. அந்த ஏற்றத்துக்கே கர்ஜத் நிலையத்தில் பல வண்டிகளுக்குப் பின்புறம் தள்ளும் எஞ்சின்களை இணைக்கின்றனர். அந்த நேரத்தில் பயணிகள் இறங்கி வடா வாங்கித் தின்பர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை இரயில் 1899-ஆம் ஆண்டில் குன்னூரை எட்டிற்று. 1908-ஆம் ஆண்டில் உதகையை அடைந்தது. அங்கே ஏற்றம் பன்னிரண்டரைக்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு எட்டு. அதற்குச் சக்கரப் பிடிப்பு போதாமல், தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை பதித்து, பற்சக்கரத்தால் கவ்வி ஏறுகிறது வண்டி. மோட்டார் வாகனம் இன்னும் சற்றுத் துணிவுடையது. எனினும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள விதிகளின்படி, மலைப்பாங்கான இடங்களிலும் பொதுவாக நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற அளவே தக்கது. வேறு வழியே இல்லாத இடங்களில் ஏழெட்டு வரை செல்லலாம். சக்கர நாற்காலி செல்லும் சரிவுப் பாதைக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்பதே மேல்வரம்பு. மனிதனுடைய கால் ஒன்றுதான் இவ்வரம்புகளுக்கெல்லாம் கட்டுப்படாமல் ஏறுவது. நம் வீட்டுப் படிக்கட்டை அளந்து பார்த்தால் நூற்றுக்கு ஐம்பது, அறுபது என்று வரும்.

உலகத்திலேயே மிகச் செங்குத்தான தெரு எது என்ற வழக்கு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் சுவையாக நடந்தது. நியூசிலாந்து நாட்டில் டனிடின் என்னும் நகரத்தில் பால்ட்வின் தெரு என்று ஒன்றுள்ளது. அதன் ஏற்றம் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து. சாலையின் மேற்பகுதிக்குக் கான்கிரீட் போட்டிருக்கின்றனர்; தார் போட்டால் வெயிற்காலத்தில் இளகி மலையடிவாரத்துக்கு வழிந்துவிடுமாம். மேடு பள்ளம் பாராமல், நேர்கோடுகளாலேயே வகுத்த திட்டத்தின் பயன் இது. இந்தத் தெருவுக்கு நெடுங்காலமாக இருந்த கின்னஸ் சிறப்பை 2019-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் ஹார்லெக் ஊரிலுள்ள வளைவான தெரு ஒன்று நூற்றுக்கு 37.45 என்ற கணக்கைக் காட்டிப் பறித்துக்கொண்டது. நியூசிலாந்துக்காரர்கள் விட்டுவிடவில்லை. தெருவை எந்த இடத்தில் அளப்பது என்று கேட்டனர். வளையும் தெருவில் உட்புற ஓரம் குறுகியது. ஆகையால் அங்கே ஏற்றம் மிகுதியாகத் தோன்றும். நடுக்கோட்டில் அளப்பதே முறை என்று முடிவாகி, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிறப்பு பால்ட்வின் தெருவுக்கே திரும்பி வந்தது.

சின்னஞ்சிறு ஊர்களின் பெருமைக் கதையாக இதைக் கேட்டு நகைத்துவிடலாம். ஆனால் இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஒரு தெருவின் ஏற்றம் எங்கே நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. கையில் என்ன சுமையோடு ஏறுகிறோம், ஒரு நாளில் எத்தனை முறை ஏறுகிறோம் என்பவற்றையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் வேறாகும். அந்தக் கணக்கை யாரும் போட்டதில்லை. போடுவதானால் மும்பையைவிடத் தகுந்த நகரம் அரிது. ஏனெனில் ஒரே மாதிரியான மேட்டின்மேல் ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு வாழ்க்கைகளை இந்நகரம் வைத்திருக்கிறது.

மலபார் ஹில் என்னும் குன்று கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் உயரந்தான் இருக்கும். சௌபாத்திக் கடற்கரைப் பக்கமிருந்து அதன்மேல் ஏறும் பழைய வழிக்குச் சிரி ரோடு என்று பெயர். ஏணி, படி என்னும் பொருளுடைய 'சிடி' என்ற சொல்லே சிரி என்று திரிந்தது என்பர். அக்காலத்தில் இடையர்கள் கோவாலியா குளத்தில் மாடுகளுக்கு நீர் காட்டிவிட்டு, இந்த வழியே குன்றின்மேல் மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றனராம். அந்தக் குளம் தூர்ந்து, மைதானமாகி, 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் எழுந்த இடமாகப் பெயர் பெற்றது. மாடு ஏறிய வழியில் இன்று மரங்கள் கவிந்து நிற்கின்றன. காலையில் உடல்நலத்துக்காக நடப்போர் ஏறுகின்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பர் ஒருவரும் அவ்வழியே ஏறினோம். எதிரே இறங்கி வந்தவர்கள் கைகளை வீசிக்கொண்டு வந்தனர். ஒருவர் கையிலும் சுமை இல்லை. ஏறி முடித்தால் தொங்கு தோட்டம். அதன் அடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய பெரிய நீர்த்தேக்கம். மேலே நீரைத் தேக்கி வைத்தால், தாழ்ந்த பகுதிகளுக்குத் தானே ஓடிப் பாயும் என்பது அதன் தத்துவம். ஆளுநர் மாளிகையும் இக்குன்றின் கடைக்கோடியிலேதான் இருக்கிறது. இங்கே மேலே போகப் போக வீட்டின் விலையும் மேலே போகும். காரில் செல்பவருக்கு வளைந்து வளைந்து செல்லும் சாலைகள் உள. கட்டடத்துக்குள் புகுந்தால் மின்தூக்கி உண்டு. குன்றின் உயரம் இங்கே கடற்காட்சியாகவும் காற்றாகவும் மட்டுமே மனிதரை வந்தடைகிறது.

சயான் குன்றைப் பற்றியும் ஒரு சொல். 1669-க்கும் 1677-க்கும் இடையில், ஜெரால்டு ஆஞ்சியர் ஆளுநராக இருந்தபோது கட்டிய கோட்டை அதன் உச்சியில் சிதைந்து கிடக்கிறது. ஆங்கிலேயர் நிலத்துக்கும் போர்ச்சுக்கீசியரின் சால்செட் தீவுக்கும் அது எல்லைக் காவல். சிறுவர்களாயிருந்தபோது நாங்கள் தாராவியிலிருந்து நடந்தே போய் அதன்மேல் ஏறுவோம். எங்கள் கூரைகளை நாங்கள் மேலிருந்து பார்த்தது அங்கேதான். பாந்திராவில் மேரி மாதா கோயிலுக்கு ஏறும் படித்தெருவும் புகழ் வாய்ந்ததே. செப்டம்பர் திருவிழாவில் மெழுகுவர்த்தியோடு அதில் ஏறும் கூட்டத்தில் தமிழ்க் குரலும் கேட்கும். எனினும் இவை ஆண்டுக்கு ஒருமுறை நாமே விரும்பி ஏறும் ஏற்றங்கள். பழனியும் திருச்சி மலைக்கோட்டையும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. பழனியில் ஏற இயலாதவர்களுக்கென்று 1966-ஆம் ஆண்டு முதல் இழுவை இரயிலும், 2004-ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்தியும் இருக்கின்றன. தெய்வத்தைக் காண ஏறுவோருக்கு இத்தனை வசதி செய்த நாம், வீட்டுக்குப் போக ஏறுவோருக்கு ஏதும் செய்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போக ஏறும் தெரு எப்படிப்பட்டது என்பதை நான் என் அத்தையின் வீட்டில் அறிந்தேன். திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுச் சமவெளியில் பிறந்தவர் அவர். மணமாகி மும்பைக்கு வந்து சேர்ந்த இடம், செம்பூருக்குக் கிழக்கே, மாகுல் செல்லும் வழியில் மலைச்சரிவை ஒட்டிய ஒரு குடியிருப்பு. 1980-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் பள்ளி விடுமுறைகளை நான் அங்கே கழித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மளிகைக் கடை, மாவு அரைக்கும் நிலையம், தையற்காரர் கடை என்று தெரு சமதளமாகவே தொடங்கும். பிறகு சட்டென்று சுவரில் மோதியதுபோல் நின்று, படியாக எழும். முழங்கையைப் பக்கவாட்டில் நீட்டினால் இருபுறத்து வீடுகளும் இடிக்கும் அகலம். நடுவிலோ ஓரத்திலோ சாக்கடை. எண்ணிப் பார்த்திருக்கிறேன்: அத்தை வீடு வரையில் 112 படிகள்.

அந்தப் படிகளை ஒரே கொத்தனார் கட்டவில்லை. அவரவர் வீட்டு வாசலுக்கு எதிரேயுள்ள இரண்டு மூன்று படிகளை அவரவரே கல்லும் சிமெண்டும் வாங்கிக் கட்டிக்கொண்டனர். ஆகையால் ஒரு படி ஒரு சாண் இருக்கும். அடுத்தது ஒன்றரைச் சாண் இருக்கும். இடையிலே ஒரு படி சாய்வாய் இருக்கும். மனிதனுடைய கால் முதல் இரண்டு படிகளிலேயே உயரத்தைக் கற்றுக்கொண்டு, பின்பு கண்ணைக் கேளாமல் தானே ஏறும் இயல்புடையது. நடுவே ஒரு படி விரலளவு மாறினாலும் தடுக்கிவிடும். அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் 112 படிகளின் உயரங்களையும் காலாலேயே மனப்பாடம் செய்திருந்தனர். விருந்தாளி யார் என்பது அவன் நடையிலே தெரிந்துவிடும். "ஏலே, வானத்தப் பாக்காத, படியப் பாரு" என்று அத்தை எனக்கு மேலே நாலு படியில் நின்று குரல் கொடுப்பார். அவர் இடுப்பில் குடம் இருக்கும்.

குடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீர்க் குழாய் கீழே இருந்தது. குழாய் நீரைப் பத்து மீட்டர் உயர்த்துவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தேவை. பல இடங்களுக்குப் பங்கிட்டு, நாளில் சில மணி நேரமே திறந்துவிடப்படும் குழாயில் அந்த அழுத்தம் சரிவின் அடிவாரத்தோடு தீர்ந்துபோகும். அதற்குமேல் அத்தைதான் பம்பு. 112 படிகள் என்பது சுமார் இருபத்திரண்டு மீட்டர். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். குடம் ஒன்று பதினைந்து லிட்டர், அதாவது பதினைந்து கிலோ. நாளொன்றுக்கு ஆறு நடை. ஆறு நடையின் ஏற்றங்களைக் கூட்டினால் 132 மீட்டர் வருகிறது. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். ஆகவே என் அத்தை, இடுப்பில் குடத்தோடு, ஒவ்வொரு நாளும் உச்சிப்பிள்ளையாரை ஒன்றரை முறைக்கு மேல் தரிசித்து வந்தார் எனலாம். இந்தக் கணக்கை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் சொன்னபோது, "புண்ணியம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

அந்தத் தெருவின் வாட்டம் எவ்வளவு? கிடைமட்டமாகப் பார்த்தால் அடிவாரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஐம்பத்தைந்து மீட்டருக்கு மேல் இராது. அப்படியானால் நூற்றுக்கு நாற்பது. பால்ட்வின் தெருவும் ஹார்லெக் தெருவும் அதற்குக் கீழே நிற்பனவே. ஆனால் வாகனம் செல்லும் தெருக்களையே கின்னஸ் கணக்கில் எடுத்துக்கொள்வர். படித்தெரு அந்தப் போட்டியில் சேராது. நகரப் படத்திலும் அது தெருவாகச் சேராது.

வாகனம் செல்லாது என்பதன் பொருளை நோய் வந்த வீட்டார் அறிவர். சமையல் வாயு உருளை, நிரப்பிய நிலையில் முப்பது கிலோவுக்கு அருகில் எடையுள்ளது, அதனைத் தோளில் வைத்து மேலே கொண்டுவருபவருக்குத் தனிக் கூலி கொடுக்கவேண்டும். உயரத்துக்கு ஏற்பக் கூலியும் ஏறும். வீட்டு வாடகையோ உயரத்துக்கு ஏற்ப இறங்கும். மலபார் ஹில்லில் கண்டதற்கு நேர் எதிரான கணக்கு இது. மிகவும் ஏழையானவரே உச்சிக்குப் போகின்றனர். நோயாளியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, நால்வர் பிடித்துக்கொண்டு பின்புறமாக இறக்குவர்; ஆம்புலன்ஸ் மளிகைக் கடையருகே காத்திருக்கும். ஏறுவதைக்காட்டிலும் இறங்குவதே முழங்காலுக்குக் கேடு. உடலின் எடை முழுவதையும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கித் தாங்கி விடவேண்டியிருக்கிறது. அதனால் வயதானவர்கள் ஒருநாள் கீழே இறங்குவதை நிறுத்திவிடுகின்றனர். அத்தையின் வீட்டுக்கு மேலே ஒரு கிழவி இருந்தார். மூன்று ஆண்டுகளாகக் கடைத்தெருவைப் பார்க்கவில்லை என்று சொல்லுவார். கடைத்தெரு அவர் வாசலிலிருந்து நன்றாகவே தெரியும். யார் எந்தக் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று மேலிருந்தே சொல்லிவிடுவார்.

குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீர் தரவேண்டும் என்ற வழக்கு ஒன்றில் 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், நீர் பெறுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், குடியிருப்பு அனுமதி பெறாதது என்பதற்காக நீரை மறுத்தல் கூடாது என்றும் கூறிற்று. அதன் பின்னரும் சட்டத்தால் குழாயைக் கொணரலாம். அதில் அழுத்தத்தைக் கொணரச் சரிவின்மேல் தொட்டியும் பம்பும் வேண்டும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தெருக்களைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. மும்பையின் குன்றுகள் பண்டை எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லால் ஆனவை. அந்தக் கல்லின் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து மண்ணாகிறது. கல்லுக்கும் அதன்மேல் உள்ள மண்ணுக்கும் இடையே மழைநீர் இறங்கினால், மண்ணின் எடை கூடும், பிடிப்போ குறையும். வேர்விட்டு நிற்கும் மரங்கள் வெட்டப்பட்டிருந்தாலும், வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியைச் செதுக்கியிருந்தாலும், மண் ஒரு நொடியில் இறங்கிவிடும். சரிவைத் தாங்குவதற்கென்று மதில் எழுப்புகிறோம். அந்த மதிலில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள் இருப்பதைப் பலர் கண்டிருப்பர். அவை மதிலின் உயிர்நாடி. பின்புறம் தேங்கும் நீர் அவற்றின் வழியே கசிந்து வெளியேறவேண்டும். துளைகள் அடைபட்டால் மதில் மண்ணை மட்டுமன்றி, நீரையும் சேர்த்துத் தாங்க நேரிடும். மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர் அணையாகிவிட்டால் நிற்காது.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் காட்கோபரில் சரிவு இறங்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று தாராவியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் ஏறியது. அரிசிப் பானையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணில் ஏற்றிவிட்டு, அண்டை வீட்டு மாடியில் இரவைக் கழித்தோம். தாழ்நிலத்து வெள்ளம் அவ்வளவேனும் அவகாசம் தருகிறது. அதே நாளில் சாகிநாகாவில் சரிவின் அடியில் இருந்தவர்களுக்கு மண் அந்த அவகாசத்தைத் தரவில்லை. 2021-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், பெருமழையின் இடையே, செம்பூர் வாஷி நாக்காவை அடுத்த பாரத் நகரில் மதில் இடிந்து வீடுகளின்மேல் விழுந்து 19 பேர் உயிரிழந்தனர். அதே மழையில் விக்ரோலிச் சரிவிலும் உயிர்கள் போயின. பாரத் நகரச் செய்தியைக் கேட்டதும் அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் அப்போது அந்தச் சரிவில் இல்லை. ஆனால் அழைப்பை எடுக்கும் வரையில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மலபார் ஹில்லும் இதற்கு விலக்கன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொங்கு தோட்டத்தை அடுத்த சரிவு இடிந்து, மண்ணும் மரங்களும் கீழேயுள்ள பட்கர் சாலையில் குவிந்தன. மேலேயுள்ள கேர் சாலையும் பிளந்தது. பொறியியலாளர்கள் வந்தனர், மண்ணைச் சோதித்தனர், நீண்ட காலம் சாலையை மூடிவைத்துச் சரிவைப் புதிதாகத் தாங்கிக் கட்டினர். அவ்வாறே செய்யத்தக்கதுதான். எந்த மண்ணையும் அறிவோடு நடத்தினால் நிற்கவைக்கலாம் என்பதற்கு அது சான்று. 2025-ஆம் ஆண்டில் அக்குன்றின் காட்டுக்குள் சிரி ரோட்டுக்கு அருகே, மரக்கிளைகளின் உயரத்தில் நடந்து செல்ல ஓர் உயர்பாதையும் திறந்தனர். கடலைக் காட்டும் கண்ணாடித் தரை அதிலே உண்டு.

ஏழைகளின் சரிவுக்கு வந்த புதுமை வேறு வகையானது. 2017-ஆம் ஆண்டின் இறுதியில், காட்கோபரை அடுத்த அசல்பா மேட்டின் வீட்டுச் சுவர்களுக்குத் தன்னார்வத் தொண்டர்கள் திரண்டு வந்து பல வண்ணங்கள் தீட்டினர். மெட்ரோ வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு அம்மேடு இத்தாலியக் கடற்கரை ஊர்போல் தோன்றுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. நான் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. நிழற்படம் எடுக்க வந்த இளைஞர்கள் ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினர். பாசி படிந்த ஒரு திருப்பத்தில், கைப்பிடிக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், மிக நேர்த்தியான ஒரு மயில் தீட்டப்பட்டிருந்தது. வண்ணம் தீட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களாவது ஏறி வந்தார்கள். ஆயினும் கைப்பிடிக் கம்பிக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒரே அளவாகப் படிகளைத் திருத்துவதும், இரவில் விளக்கு எரியவைப்பதும், ஐம்பது படிக்கு ஒருமுறை குடத்தை இறக்கி வைக்க ஒரு மேடை கட்டுவதும், மதிலின் துளைகளை மழைக்கு முன் குத்தித் திறந்துவிடுவதும் பெரும் பொறியியல் அல்ல. வைகாசி பிறந்தவுடன் ஒரு மேஸ்திரியும் நான்கு ஆட்களும் ஏறினால், ஆனி மாத மழை தொடங்குமுன் ஒரு சரிவைப் பார்த்து முடித்துவிடலாம்.

அத்தை இருந்த வரிசை வீடுகள் சில ஆண்டுகளுக்கு முன் சாலை விரிவுக்காக அகற்றப்பட்டன. அதற்கு ஈடாக, அருகிலேயே மறுகுடியமர்த்தும் கட்டடமொன்றின் ஆறாம் மாடியில் அவருக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் கிடைத்தன. குழாயில் தண்ணீர் வருகிறது. நடைபாதையில் வெளிச்சம் இருக்கிறது. முதன்முறை நான் சென்றபோது, படிகளெல்லாம் ஒரே உயரமாக இருப்பதை அவர் வியப்போடு காட்டினார். கால் தன் பழைய பாடத்தை மறக்கச் சிறிது காலம் பிடித்ததாம். மின்தூக்கியும் உண்டு. அது பெரும்பாலும் பழுதாகி நிற்கிறது. எழுபதைக் கடந்த அத்தை அந்நாட்களில் சுவரைப் பற்றிக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று, மெல்ல ஏறுகிறார். மாடிக்குப் பதினெட்டாக ஆறு மாடிக்கும் 108 படிகள் என்றும், பழைய வீட்டைவிட நான்கு படி குறைவு என்றும், கேட்பவர்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.